மதராஸ் சாப்பருக்கு நம்மூர் முகம்: படைவீரரின் மார்பளவுச் சிலையைக் கையால் வடிக்கும் முறை

மாதிரி உருவங்கள் செய்யும் பொழுதுபோக்கில் இறங்கிய ஒருவர், இந்தியப் படைவீரரின் மார்பளவுச் சிலை வேண்டுமென்று வெளிநாட்டுத் தயாரிப்புகளைத் தேடினால், பெரும்பாலும் தலைப்பாகை அணிந்த சீக்கியரோ கூர்க்காவோதான் கண்ணில் படுவார்கள். 1780ஆம் ஆண்டு இரண்டே படைக் கம்பெனிகளாகத் தொடங்கப்பட்டு, இன்றும் 'தம்பிகள்' என்று படையினரிடையே அழைக்கப்படும், தரைப்படையின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்களை நான் ஒரு பெட்டியிலும் கண்டதில்லை. அப்படியே தென்னாட்டு வீரர் என்று ஏதேனும் கிடைத்தாலும், அது ஐரோப்பிய முகம் ஒன்றுக்குப் பழுப்பு வண்ணம் பூசியதாகவே இருக்கும். நான் முதலில் வடித்த சிலையும் அதே குற்றத்தைச் செய்தது என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். அயல்நாட்டுப் பயிற்சி நூல்களின் அளவுகளை அப்படியே பின்பற்றியதால், செங்கல்பட்டிலிருந்து சென்றிருக்க வேண்டிய வீரர் என் மேசைமீது லண்டன்காரராக எழுந்து நின்றார்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உருவம், 1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இத்தாலியப் போர்முனையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்த, பெயர் குறிப்பிடாத ஒரு சாப்பர். அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று, மிக்னானோ என்னும் இடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது தாமே பாய்ந்து விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்நீத்த சுபேதார் சுப்ரமணியன் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். பிரிட்டனின் உயரிய வீரதீர விருதான ஜார்ஜ் கிராஸ் அவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவருடைய உருவத்தையே வடிக்கலாமே என்று கேட்கலாம். தெளிவான படங்கள் பல கோணங்களில் இல்லாமல் உண்மையான ஒரு மனிதரின் சாயலைக் கொண்டுவர முயல்வது, தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சோர்வை மட்டுமே தரும். பெயரில்லாத வீரர் என்றால் முகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது.

அளவு 1/10 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிறது: உடலில் ஒரு சென்டிமீட்டர், சிலையில் ஒரு மில்லிமீட்டர். வளர்ந்த ஆணின் தலை உச்சியிலிருந்து மோவாய் வரை ஏறத்தாழ 22 மில்லிமீட்டரும், காதுகளுக்கு மேலே பக்கவாட்டில் 15 மில்லிமீட்டரும், நெற்றியிலிருந்து பின்மண்டை வரை 19 மில்லிமீட்டரும் வரும். கண்விழி 2.4 மில்லிமீட்டர், இரு கருவிழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர். காது 6 மில்லிமீட்டர். சீருடையோடு சேர்ந்த தோள் அகலம் 45 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே போகலாம். மார்பின் நடுவிலும் மேற்கையின் பாதியிலும் உருவத்தை வெட்டி நிறுத்துவது வழக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்த முகத்தை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து, தலை சரியாக 22 மில்லிமீட்டர் வருமாறு அச்சிட்டு, மேசைக்கு முன்னுள்ள சுவரில் ஒட்டிவிடுங்கள். படத்தைச் சற்றுத் தொலைவில் நின்று, லென்சைப் பெரிதாக்கி எடுக்க வேண்டும். கைப்பேசியை முகத்தருகே நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சுருங்கிவிடும், அந்தப் பிழை அப்படியே சிலையில் ஏறும்.

அந்த முகம் யாருடையது என்பதில்தான் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஓவியப் பள்ளிகள், மூக்கின் அகலம் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்குச் சமம் என்று கற்பிக்கின்றன. நம்மவர் பலருக்கு மூக்கின் சிறகுகள் அந்த எல்லையைத் தாண்டி நிற்கும். நம் சிற்ப சாத்திரமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம். அதை மூன்றாகப் பகுத்தால் மயிர்வரம்பிலிருந்து புருவம் வரை ஒரு பங்கு, புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை ஒரு பங்கு, அங்கிருந்து மோவாய் வரை ஒரு பங்கு. இந்தக் கணக்கு தெய்வத் திருமேனிக்கு வகுக்கப்பட்டது, நடந்து தேய்ந்த படைவீரனுக்கு அன்று. எனவே இரண்டு கணக்குகளையும் சாரமாக மட்டும் பயன்படுத்துங்கள். கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் அல்லவா? தமிழ் முகம் என்று ஒரே முகம் கிடையாது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்ரயிலில் ஒருமுறை அமர்ந்து சென்றால், உயர்ந்த கன்ன எலும்பும், தடித்த கீழுதடும், உள்வாங்கிய கண்ணும், குறுகிய நெற்றியும் எத்தனை விதமாகக் கூடிப் பிரிகின்றன என்பது தெரியும். அவர்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். நான் கடைசியில் என் தாய்மாமாவிடம் அனுமதி கேட்டு, வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு அவர் முகத்தையே அளந்தேன். "எனக்குச் சிலை வைக்கப் போறியாடா?" என்று கேட்டவர், அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கழுத்துக்கும் தோளுக்கும் மெரினாவின் உழைப்பாளர் சிலையைவிடச் சிறந்த பாடம் இந்த ஊரில் இல்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த நான்கு மனிதர்களின் கழுத்து நரம்பும் காறையெலும்பும், கிழக்கு வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் மிகத் தெளிவாகத் தெரியும். சீருடை, பதக்கம் போன்றவற்றுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றி வாருங்கள். போகும் வழியில் தீவுத்திடல் அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் பழைய மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ சிலையாக அமர்ந்திருப்பார். சிற்பி சாண்ட்ரி அவற்றை மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று 1839 முதல் இந்த நகரம் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

இனிப் பொருள்களுக்கு வருவோம். முதல் ஒன்றிரண்டு தலைகளை எபாக்சியில் தொடங்காமல், கொசப்பேட்டையில் கொலு பொம்மை செய்வோரிடம் ஒரு பிடி பிசைந்த களிமண் வாங்கி, கையளவு பெரிதாகச் செய்து பழகுங்கள். உலர்ந்தால் வெடிக்கும், வெடிக்கட்டும். உண்மையான சிலைக்கு இரு பகுதிகளைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சி புட்டியே ஏற்றது. எம்-சீல் எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். அது கசிவை அடைப்பதற்காகச் செய்யப்பட்டது, விரைவில் இறுகும், ஆகவே வெளியே தெரியாத உட்கருவுக்குப் பொருத்தமானது. முகத்துக்கும் துணிக்கும், இணையத்தில் வரவழைக்கக்கூடிய மில்லிபுட் போன்ற நுண்மையான புட்டி வேண்டும். வார், பட்டி போன்ற மெல்லிய பகுதிகளுக்கு அதனுடன் கிரீன் ஸ்டஃப் என்னும் பச்சைப் புட்டியைச் சம அளவில் பிசைந்தால், வளைத்தாலும் விரிசல் விடாது. கருவிகளுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் எஃகுக் கருவிகளில் இரண்டு, மரப்பிடியில் செருகிய தையல் ஊசி, நுனி உருட்டிய மூங்கில் பல்குத்தி, ரப்பர் முனைத் தூரிகை ஒன்று, புதிய பிளேடு ஆகியவை போதும். எபாக்சி சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் பிறகு விடாது. எனவே பிசையும்போது நைட்ரைல் கையுறை அணியுங்கள். இறுகியதை எப்போதும் நீர் தொட்டே தேயுங்கள், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

சென்னையில் இந்தக் கலையின் உண்மையான எதிரி கடிகாரம். மில்லிபுட் கலந்தபின் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை கைக்கு இணங்கும் என்பது மிதமான அறைவெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. கத்திரி வெயில் காலத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அதில் பாதிதான் நமக்குக் கிடைக்கும். நான் ஒரு மே மாதப் பிற்பகலில் தலை முழுவதற்கும் சேர்த்து எலுமிச்சை அளவு புட்டியைக் கலந்துவிட்டு, கன்னத்தைத் திருத்தி முடிப்பதற்குள் மிச்சம் உருண்டையாக இறுகிப் போனதை இன்னும் காகிதப் பாரமாக வைத்திருக்கிறேன். கொண்டைக்கடலை அளவுக்குமேல் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தது மீந்தால் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். வீட்டிலுள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது, அது பார்ப்பதற்குச் சாப்பிடும் பொருள்போல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் இறுகிய பரப்பின்மேல் மெல்லிய பிசுக்குப் படியலாம். அடுத்த படலத்தை இடுமுன் அதைச் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவாவிட்டால், மேற்படலம் என்றோ ஒருநாள் செதிலாகக் கழன்றுவரும்.

உட்கூட்டுக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை ஒரு மரக்கட்டையில் துளையிட்டு நிறுத்துங்கள். கட்டை கைக்குள் அடங்க வேண்டும், ஏனென்றால் இனிச் சிலையைத் தொடாமல் கட்டையைப் பிடித்துத்தான் வேலை நடக்கும். தலை இருக்குமிடத்தில் கம்பியைச் சிறு வளையமாக மடித்து, அதன்மேல் சமையலறை அலுமினியத் தாளை இறுகச் சுற்றி, எம்-சீலால் மூடினால் முட்டை வடிவக் கரு கிடைக்கும். இந்தக் கரு இறுதி அளவைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது 2 மில்லிமீட்டர் சிறியதாக இருக்கட்டும். பெரிதாகிவிட்டால் பின்னால் கண்குழி தோண்ட இடமிருக்காது. வேலை செய்யும் சாப்பர் தரையைப் பார்ப்பவர் என்பதால், கம்பியிலேயே தலையைச் சற்று முன்சாய்த்து, ஒரு பக்கமாக 15 பாகை அளவுக்குத் திருப்பிவிட வேண்டும். நேராக நிமிர்ந்து நிற்கும் தலையை முடித்தபின் திருப்ப முடியாது.

கரு இறுகியதும் முதலில் கண்விழிகளைப் பதியுங்கள். 2.5 மில்லிமீட்டர் பேரிங் குண்டுகள் இரண்டு இதற்கு மிகப் பொருத்தம். பாரிமுனை வட்டாரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் புட்டியையே உருட்டி இறுகவிடலாம். தலையின் உயரத்தில் சரிபாதியில் கண்கோடு வரும். புதியவர்கள் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றி வைப்பார்கள், நானும் வைத்தேன். விழி புருவ எலும்புக்குப் பின்னால் உள்வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது நெற்றிக்கும் விழிக்கும் இடையே தெளிவான படி தெரியாவிட்டால், அடுத்து நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் முகம் பொம்மையாகவே நிற்கும். குண்டுகள் அசையாமல் இறுகும்வரை அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் நெற்றி, கன்ன எலும்பு, தாடை, மோவாய் ஆகியவற்றைத் தட்டையான தளங்களாக மட்டும் ஏற்றுங்கள். மிருதுவாக்கும் ஆசையை அடக்குங்கள். ஒரே விளக்கை மேலிருந்து விழச்செய்து, சிலையையும் சுவரிலுள்ள படத்தையும் மாறிமாறிப் பார்த்து, நிழல்கள் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்ப்பதுதான் இந்தக் கட்டத்தில் வேலை. கண்ணாடியில் சிலையைப் பிரதிபலித்துப் பார்த்தால் கோணல் உடனே காட்டிக்கொடுக்கும். மூக்கைத் தனி ஆப்பு வடிவில் வைத்து, சிறகுகளைப் பின்னர் இரண்டு கடுகு அளவு உருண்டைகளால் சேர்க்க வேண்டும். இங்கேதான் காலிப்பரில் எடுத்த உண்மையான அளவு உதவுகிறது: என் மாமாவின் மூக்கு அகலம் 41 மில்லிமீட்டர், கண்களின் உள்முனைகளுக்கு இடையே 33. அந்த 8 மில்லிமீட்டர், சிலையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அதை ஏற்றிய நொடியில் லண்டன்காரர் எழுந்து போய், நம் வீட்டுக் கூடத்து மனிதர் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

இமைகளை நூல்போல் உருட்டிய புட்டியால் செய்யுங்கள். கீழிமையை முதலிலும் மேலிமையை அதன்மேல் வெளிமுனையில் சற்றுத் தாண்டுமாறும் வைப்பது முறை. மேலிமை கருவிழியின் மேல்விளிம்பை மூட வேண்டும். மூடாவிட்டால் வீரர் பேயைக் கண்டவர்போல் விழிப்பார். கீழே பார்க்கும் கண்ணில் மேலிமை இன்னும் இறங்கி, அதன் வளைவு தட்டையாகும். உதடுகளில் கோடு வரைந்து பிளக்காதீர்கள். மேலுதட்டின் அடித்தளமும் கீழுதட்டின் மேல்தளமும் சந்திக்கும் மடிப்பாக ஊசியின் பக்கத்தால் அழுத்துங்கள், முனையால் கீறக் கூடாது. மீசை முகத்தோல் இறுகியபின் தனிப் படலமாக வரும்; அக்காலப் படங்களில் காணும் ஒழுங்காகக் கத்தரித்த மீசையே போதும். காது பக்கவாட்டுப் பார்வையில் தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால், புருவ மட்டத்துக்கும் மூக்கடி மட்டத்துக்கும் இடையே, மேல்பகுதி சற்றுப் பின்சாய்ந்து இருக்கும். தலைக்கவசத்தின் கீழே அதில் பாதிதான் தெரியும் என்பதற்காக அரைகுறையாக விடாதீர்கள்.

கழுத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்பின் மேல்நுனிக்கு இறங்கும் தசை, தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான் புடைத்துத் தெரியும். உங்கள் கழுத்தைத் தொட்டுக்கொண்டே திரும்பிப் பாருங்கள்.

இத்தாலியக் குளிரில் அணிந்தது தடித்த கம்பளித் துணியாலான பேட்டில்டிரஸ் என்னும் குட்டைச் சட்டை. நம் ஊர்ப் பருத்திச் சட்டையைப் பார்த்து மடிப்புகளை வடித்தால் தவறிவிடும். பருத்தியின் மடிப்பு கூர்மையாகவும் நெருக்கமாகவும் விழும், தடித்த கம்பளி குறைவாகவும் உருண்டையாகவும் மடியும். பீரோவில் பழைய கம்பளிக் கோட்டு ஏதேனும் இருந்தால் அதை ஒருவருக்குப் போட்டு, கையைச் சற்று முன்னே நீட்டச் சொல்லிப் பாருங்கள். துணி எங்கே பிடித்திழுக்கப்படுகிறதோ அங்கிருந்து மடிப்பு பிறந்து விசிறியாகப் பிரியும். தோள்முனை, அக்குள், வார் அழுத்தும் இடம் ஆகியவைதான் அந்தப் பிறப்பிடங்கள். எங்கிருந்தும் பிறக்காத மடிப்பு அழகாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். சட்டையின் வகையையும் படம் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்: முந்தைய வகையில் பொத்தான்கள் மடிப்புக்குள் மறைந்திருக்கும், பைகளில் கொசுவமும் உண்டு, 1942இல் வந்த சிக்கன வகையில் பொத்தான்கள் வெளியே தெரியும், கொசுவம் கிடையாது. இரண்டையும் கலந்து வடித்தால் விவரம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார். துணிப்பரப்பு பாதி இறுகியதும், மயிர் விறைத்த பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்டினால் கம்பளியின் சொரசொரப்பு கிடைக்கும்.

அக்காலப் பிரிட்டிஷ் படையின் 1937 மாதிரித் தோள்வார்கள் நுனியில் ஓர் அங்குலமும் தோளின்மேல் இரண்டு அங்குலமும் அகலமானவை, அதாவது சிலையில் 2.5, 5 மில்லிமீட்டர். புட்டிக் கலவையை டால்கம் பவுடர் தூவிய கண்ணாடிமேல் மெல்லிய தகடாக உருட்டி, தோல்போல் இறுகும்வரை காத்திருந்து, புதிய பிளேடால் இழுக்காமல் அழுத்தி வெட்டுங்கள். வார் கம்பளியில் புதையும். வார் வரும் தடத்தில் துணியைச் சற்றுப் பள்ளமாக்கி, இரு ஓரத்திலும் துணி சிறிது பிதுங்குமாறு விட வேண்டும்.

தலைக்கவசத்தை எல்லாம் முடிந்தபின், முழுத் தலையின்மேல் தனியாகவே செய்ய வேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் மார்க் 2 கவசம் கவிழ்த்த தாம்பாளம்போல் அகன்ற விளிம்புடையது. விளிம்போடு சேர்ந்த நீளம் சிலையில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். முதலில் புட்டியால் அதன் உள்வடிவ அச்சைச் செய்து இறுகவைத்து, வாசலின் தடவி, அதன்மேல் 0.8 மில்லிமீட்டர் தகட்டைப் போர்த்தி அழுத்துங்கள். பாதி இறுகியதும் விளிம்பை வெட்டி, முழுதும் இறுகியபின் கழற்றி, விளிம்பின் அடிப்பக்கத்தை மட்டும் சாய்வாக அரத்தால் தேய்த்தால், உண்மையான எஃகுத் தகட்டின் மெல்லிய தோற்றம் வந்துவிடும். இந்த விளிம்பின் நிழல் கண்களில் விழும். கவசத்தை வைத்துப் பார்த்தபின் கண்கள் காணாமல் போனால், கவசத்தைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள், மேலிமையின் மடிப்பை ஆழப்படுத்துங்கள். மோவாய் வாரை ஒட்டுவது கவசம் நிலையாக அமர்ந்த பிறகுதான்.

கடைசியாக 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பரால் தோல்பரப்பையும் கவசத்தையும் நீர் தொட்டுத் தேய்த்து, சாம்பல்நிறப் பிரைமரை மெல்லிய படலமாக அடியுங்கள். மழை ஈரம் நிறைந்த மாலையில் ஸ்பிரே அடித்தால் பரப்பு வெளுத்துப் பூத்துவிடும், காலைப் பத்து மணிக்குமேல் மொட்டைமாடியின் நிழலில் அடிப்பது பாதுகாப்பானது. வெவ்வேறு நிறப் புட்டிகள் மறைந்து ஒரே சாம்பல் நிறம் ஆனதும், இதுவரை கண்ணுக்குத் தெரியாத விரல்ரேகையும் குழியும் வெளிப்படும். நிரப்பித் தேய்த்து மீண்டும் அடிக்க வேண்டும், எனக்கு வழக்கமாக மூன்று சுற்று ஆகும். வண்ணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: நம் தோலுக்குப் பழுப்பு டப்பாவைத் திறந்து அப்படியே பூசாதீர்கள். செம்பழுப்பை அடியாக வைத்து, ஒளிபடும் நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் வெள்ளைக்குப் பதிலாகக் காவி மஞ்சளைக் கலந்து ஏற்றுங்கள். சவரம் செய்த தாடையில் நீலச்சாம்பல் சிறிது படியட்டும். பிறகு கைப்பிடிக் கட்டையிலிருந்து கம்பியை அறுத்து, தச்சர் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டு ஒன்றில் துளையிட்டு, அதே கம்பியின் மிச்சத்தைச் செருகி ஒட்டினால் சிலை நிற்கும். என்னுடையது வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது; மாமா வரும்போதெல்லாம் அதைக் கையில் எடுத்து, காது மட்டும் தன்னுடையது இல்லை என்கிறார். அளந்து பார்த்தேன், இடது காது அரை மில்லிமீட்டர் கூடுதல் நீளம்.